உறங்கும் பறவைகளும் உண்மைப் படமும்

ஜவ்வாது மலைக்கும் கடற்கரைப் பறவைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஜவ்வாது மலையில் கடலும் இல்லை, உப்பளமும் இல்லை. சாமை விளையும் சரிவுகளும், காடும், மலைவாழ் மக்களின் சிற்றூர்களுமே அங்கு உண்டு. ஆயினும், உறங்கும் கடற்கரைப் பறவைக் கூட்டம் ஒன்றின் படத்தை எவ்வாறு சீர்படுத்த வேண்டும் என்ற பாடத்தை நாம் கற்றுக்கொண்டது அந்த மலையின்மேல்தான். கற்பித்தவை பறவைகள் அல்ல; நட்சத்திரங்கள்.

மலையடிவாரத்தில், வாணியம்பாடிக்கு அருகே, நமது நண்பர் ஒருவர் வசிக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவரைப் பற்றிக்கொண்டது படம் பிடிக்கும் மோகம். சேமிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்து நல்ல காமிரா ஒன்றும், தொலைவிலுள்ளதை அருகே காட்டும் நீண்ட லென்ஸ் ஒன்றும் வாங்கினார். சென்ற குளிர்காலத்தில் அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கோடியக்கரைக்குப் போய்வந்தார். போய்வந்தவர், "ஒரு படம் அமைந்திருக்கிறது, வந்து பாருங்கள்" என்று நமக்குச் சொல்லியனுப்பினார்.

கோடியக்கரையை அறியாத தமிழர் குறைவு. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு வந்து, சட்டத்தை மீறி உப்பெடுத்த வேதாரணியம் அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது. எந்த உப்பு மண்ணில் நம்மவர் சுதந்திரத்துக்காகத் தடியடி பட்டார்களோ, அதே உப்பு மண்ணை நாடி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் கடல்களையும் மலைகளையும் கடந்து வந்து சேருகின்றன. 1967-ல் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2002-ல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாகவும் அது அங்கீகாரம் பெற்றது.

அங்கு வரும் விருந்தாளிகளில் கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். ஒரு கைப்பிடி அவல் அவ்வளவு கனக்கும். இந்தச் சிறு உயிர் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஸைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் சமுத்திரத்தை அடுத்த வெட்டவெளிகளில். அங்கே பனி மூடத் தொடங்கியதும் அது நம் நாட்டை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. உள்ளான்களும், செந்நிறக் கால்களையுடைய பவளக்காலிகளும், உப்புக்கொத்திகளும், நீண்ட அலகுள்ள மூக்கன்களும் பசியாற மேய்ந்தபின், தண்ணீரை அடுத்த திட்டுகளில் கூட்டமாக நின்று இளைப்பாறும். ஒரு காலைச் சிறகுக்குள் மடக்கி, அலகை முதுகு இறகில் புதைத்து, பெரும்பாலும் காற்று வரும் திசையை நோக்கி அவை நிற்கும். உறங்குவதுபோல் தோன்றினாலும், அடிக்கடி கண்ணைத் திறந்து நாலாபுறமும் நோட்டம் விடும்.

நண்பர் பிடித்து வந்ததும் அத்தகைய கூட்டம் ஒன்றின் படமே. அதைத் தாம் கம்ப்யூட்டரில் எவ்வளவு பாடுபட்டுச் சீர்படுத்தினார் என்பதைப் பெருமையோடு விவரித்தார். சாய்ந்திருந்த நீர்மட்டத்தை நேராக்கினாராம். மங்கலாக இருந்த வானத்தைப் பொன்னிற மாலை வானமாக மாற்றினாராம். கரையில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை மறைத்தாராம். கூட்டத்தின் நடுவே இருந்த இடைவெளி கண்ணை உறுத்தியதால், ஓரத்தில் நின்ற பறவைகளையே பிரதி எடுத்து அங்கே நட்டாராம். இறகுகள் தெளிவாக இல்லாத இடங்களில், தானே இறகு வரைந்து தரும் புதுமாதிரி மென்பொருளைக் கொண்டு வரைந்துகொண்டாராம். படம் என்னவோ காலண்டரில் அச்சிடத் தக்கதாகத்தான் இருந்தது. நாமும் பாராட்டினோம்.

அவருடைய பேத்திக்கு மட்டும் திருப்தியில்லை. தாத்தா ஊரிலிருந்து வந்த அன்றே காமிராவின் பின்புறத் திரையில் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டவள் அவள். இப்போது பெரிதாக்கிய படத்தை உற்றுப் பார்த்து, "தாத்தா, இந்தப் பறவை காலில் கொலுசு போட்டிருந்ததே, அது எங்கே?" என்று கேட்டாள்.

"அது ஏதோ குப்பை ஒட்டிக்கொண்டிருந்ததம்மா, அழித்துவிட்டேன்" என்றார் நண்பர்.

குழந்தை அதன்பின் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவள் கேள்வி நம் மனத்தில் தங்கிவிட்டது.

அன்று பிற்பகல், முன்பே ஏற்பாடு செய்திருந்தபடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையேறிக் காவலூர் வானாய்வகத்தைப் பார்க்கச் சென்றோம். நமது தேசத்தின் பெருமைக்குரிய ஸ்தாபனங்களில் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே அது அமைந்திருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அதிகத் தொலைவில் இல்லாமையால், வட வானத்தோடு தென் வானத்தின் பெரும் பகுதியையும் அங்கிருந்து காண முடிகிறது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானசாஸ்திரி வைணு பாப்பு. 1968-ல் அங்கு வேலை தொடங்கிய முதல் தொலைநோக்கி, கோடைக்கானல் வானாய்வகத்தில் நம்மவரே செய்த 38 சென்டிமீட்டர் கருவிதான். அடுத்த பெரும் முயற்சியாக 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்து நிர்மாணித்தார்கள். அதன் கண்ணாடியை அரைத்து மெருகேற்றியதும் நம்மவரே. அது நிறைவேறுவதைக் காணாமலே 1982-ல் பாப்பு காலமானார். 1986-ல் அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள்.

அங்கே நாம் அறிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. வானசாஸ்திரிகளும் தாம் எடுத்த படங்களை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை, அவர்களும் திருத்துகிறார்கள். உலகெங்கும் அவர்கள் கையாளும் முறை ஒன்றே. ஒளி சிறிதும் புகாதபடி மூடி வைத்து, அதே கால அளவுக்கு ஒரு படம் எடுப்பார்கள். அந்த இருட்டுப் படத்தில் தெரியும் புள்ளிகளெல்லாம் காமிராவே கற்பித்துக்கொண்டவை அல்லவா? ஆகவே அவற்றை நட்சத்திரப் படத்திலிருந்து கழித்துவிடுவார்கள். பின்னர் ஒரே சீராக ஒளியூட்டிய வெண்பரப்பையோ அந்தி வானத்தையோ படமெடுப்பார்கள். அதில் எந்த இடம் கறுத்துத் தெரிகிறதோ, அங்கே கருவியில் தூசு படிந்திருக்கிறது என்று பொருள். அந்தக் குறையையும் கணக்கிட்டுச் சரி செய்வார்கள். மேலும் ஒரே இடத்தைப் பல முறை படமெடுத்துச் சராசரி காண்பார்கள். இவ்வளவு திருத்தம் செய்யும் அவர்கள், வானத்தில் இல்லாத ஒரு நட்சத்திரத்தைக்கூடச் சேர்ப்பதில்லை. இருக்கும் ஒன்றையும் அழிப்பதில்லை.

இதில் அடங்கிய நியாயம் மிக எளியது. கருவி சேர்த்ததைக் கழிக்கலாம். உலகம் வைத்ததைக் கழிக்கலாகாது.

இந்த நியாயத்தை மீறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்குக் காவலூரிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1977-ஆம் வருஷம் மார்ச் மாதம் 10-ந் தேதி, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே செல்லவிருந்தது. அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கிரகம் நெருங்குவதற்கு முன்னமேயே, ஒளி சில விநாடிகள் குன்றிப் பிறகு மீண்டது. அதை ஏதோ மேகத் துணுக்கின் வேலை என்று துடைத்திருக்கலாம். பட்டாச்சார்யா, குப்புசாமி என்ற இரு விஞ்ஞானிகளும் அவ்வாறு செய்யவில்லை. புதியதொரு உபகிரகம் குறுக்கிட்டிருக்கலாம் என்று கருதி, அவ்விதமே உலகுக்கு அறிவித்தார்கள். அதே இரவில் ஆகாய விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்க விஞ்ஞானிகளோ, கிரகத்தின் இரு பக்கத்திலும் ஒளி பல முறை குன்றக் கண்டு, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைத் தெளிந்தார்கள். உடனே காவலூர்ப் பதிவை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, வளையங்களைப் பற்றி அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் எழுதினார்கள். முதலில் சொன்ன கருத்து மாறியது, பதிவு மாறவில்லை. பதிவைக் கெடுக்காமல் வைத்திருந்ததால் அல்லவா கருத்தைத் திருத்திக்கொள்ள முடிந்தது!

பின்னர் 1988 பிப்ரவரியில், காவலூரில் எடுத்த படங்களில் இடம் பெயர்ந்த சின்னஞ்சிறு புள்ளி ஒன்றை ராஜமோகன் என்ற விஞ்ஞானி கண்டார். அது சூரியனைச் சுற்றும் ஒரு சிறு கோள். இன்று அது கணித மேதை ராமானுஜனின் பெயர் தாங்கி வானில் உலவுகிறது. அழகுக்காகப் புள்ளிகளைத் துடைக்கும் கை ஒன்று அங்கே இருந்திருந்தால், ராமானுஜன் பெயரில் ஒரு கோள் நமக்குக் கிடைத்திராது.

மலையிறங்கும்போது நண்பர் அதிகம் பேசவில்லை. வீடு சேர்ந்ததும் கைகால் கூடக் கழுவாமல் கம்ப்யூட்டரின்முன் உட்கார்ந்தார். நல்ல வேளையாக மூலப் படத்தை அவர் அழித்திருக்கவில்லை. பேத்தி விரல் வைத்துக் காட்டிய இடத்தைப் பெரிதாக்கினோம். ஒற்றைக் காலில் நின்ற ஒரு பவளக்காலியின் காலில், முழங்காலைப்போல் தோன்றும் மூட்டுக்கு மேலே, சிறிய வர்ணக் கொடியொன்று இருந்தது. அது குப்பையன்று, மனிதர் கட்டிய அடையாளம். பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, வளையமோ கொடியோ பூட்டி விடுவித்து, அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று கண்டறியும் பணி பல நாடுகளில் நடக்கிறது. நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் இப்பணியை வெகு காலமாகச் செய்து வருகிறார்கள். கொடியின் நிறமும் எழுத்தும் தெரிந்தால், அந்தப் பறவைக்கு எந்தத் தேசத்தில் எந்த நாளில் கொடி பூட்டினார்கள் என்பதையும் அறியலாம். துரதிருஷ்டவசமாக, அந்தக் கொடி பக்கவாட்டில் திரும்பியிருந்ததால் எழுத்தைப் படிக்க முடியவில்லை. நிறம் மட்டும் தெரிந்தது. இடம், தேதி, நேரம் ஆகியவற்றோடு அதை எழுதியனுப்ப நண்பர் தீர்மானித்தார்.

பிறகு இரு படங்களிலும் பறவைகளை எண்ணிப் பார்த்தோம். திருத்திய படத்தில் பதினேழு பறவைகள் இரட்டைப் பிறவி எடுத்திருந்தன! இதைச் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதில் பங்கு கொள்வோர் பெரும்பாலும் நம்மைப் போன்ற சாமானியர்கள். பெரிய கூட்டத்தை எண்ண அவர்களுக்குப் படமே துணை. பறவைகள் பெருகுகின்றனவா, அருகுகின்றனவா என்பதை அறிய வேண்டிய படத்தில், பறவைகளைக் கையால் பெருக்கினால் யாரை ஏமாற்றுகிறோம்?

மறுநாள் காலையில் மூலப் படத்தை எடுத்து, காவலூர் நியாயத்தை அனுசரித்து, நண்பரும் நாமும் சேர்ந்து முதலிலிருந்து சீர்படுத்தினோம். அந்த முறையை நேயர்களின் உபயோகத்துக்காகக் கீழே தருகிறோம்.

முதற்காரியம், நீர்மட்டத்தை நேராக்குதல். உலகில் தண்ணீர் சாய்ந்து நிற்பதில்லை. சாய்ந்தது நம் கைதான். ஆகையால் இது கருவியின் பிழையைக் கழிப்பதே. இரண்டாவது, ஓரங்களை வெட்டுதல். கூட்டத்துக்கு மேலும் கீழும் இருந்த வெறும் மணற்பரப்பைக் குறைத்தோம். பறவைகள் முகம் காட்டும் திசையில் மாத்திரம் சற்று அதிக இடம் விட்டோம். ஓரத்தில் நிற்கும் எந்தப் பறவையும் பாதி உடலோடு அறுபடாமல் பார்த்துக்கொண்டோம். கீழே மெல்லிய நீர்க்கோடு ஒன்றை இருக்கவிட்டோம். அவை நீர்க்கரையில் நிற்கின்றன என்பதைச் சொல்ல அதுவே போதும்.

மூன்றாவது, ஒளி. வெண்மணலும் உப்புத் தரையும் காமிராவை ஏமாற்றும். இவ்வளவு வெளிச்சம் தகாது என்று எண்ணி, அது படம் முழுவதையும் சாம்பல் நிறமாக்கிவிடும். ஆகவே ஒளியைச் சிறிது கூட்டினோம். ஆனால் பறவைகளின் வெண்மையான வயிற்றில் இறகின் கோடுகள் மறையத் தொடங்கும்முன் நிறுத்திக்கொண்டோம். நிழல் விழுந்த பக்கத்தை ஓரளவே வெளிச்சப்படுத்தினோம். இருட்டறையில் படம் அச்சிட்ட காலத்திலும் கைதேர்ந்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். விளக்குக்கும் காகிதத்துக்கும் நடுவே கையை நீட்டி, ஓரிடத்துக்கு ஒளியைக் குறைத்தும் வேறிடத்துக்குக் கூட்டியும் அச்சிடுவார்கள்.

நான்காவது, நிறம். நண்பர் பூசிய பொன் வானத்தை நீக்கினோம். அன்று காலை வானம் மேகமூட்டமாயிருந்தது. அது அவ்வாறே இருக்கட்டும். உப்பின்மேல் படிந்திருந்த நீலச் சாயல் மட்டும் காமிராவின் பிழை, அதைப் போக்கினோம். ஐந்தாவது, புள்ளிகள். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் தெரிந்த கரும்புள்ளி காமிராவுக்குள் படிந்த தூசு; அதைத் துடைத்தோம். கரையில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலோ உலகத்தைச் சேர்ந்தது. அது கண்ணை உறுத்துகிறதென்றால், உறுத்தவேண்டியதுதான். அதைப் படத்திலிருந்து எடுப்பது நம் வேலையன்று. கரையிலிருந்து எடுப்பதே நம் வேலை. கடைசியாக, இருளில் தோன்றும் மணல்மணலான துகள்களைக் கொஞ்சம் குறைத்து, உருவங்களின் கூர்மையைக் கொஞ்சம் கூட்டினோம். இறகு வரையும் மென்பொருளைத் தொடவேயில்லை. அது தருவது அந்தப் பறவையின் இறகல்ல. எங்கோ கண்ட ஆயிரம் பறவைகளைக் கொண்டு அது ஊகித்த இறகு.

சிறு விஷயத்துக்கு இவ்வளவு கண்டிப்பா என்று சிலர் எண்ணலாம். 2010-ல் உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் பரிசு பெற்ற படமொன்றை நடுவர்கள் தகுதியற்றதென்று விலக்கினார்கள். காரணம், படத்தின் பின்னணியில் தெரிந்த ஒரு மனிதரின் காலின் சிறு பகுதியை எடுத்தவர் அழித்திருந்ததே. அழித்தது சிறிதென்றாலும், படத்தின்மேல் வைத்த நம்பிக்கை முழுவதும் போயிற்று.

எந்த மென்பொருளாலும் சீர்படுத்த முடியாத குறை ஒன்றும் நண்பரின் படங்களில் இருந்தது. வெயில் ஏறியபின் எடுத்தவை எல்லாம் நீருக்குள் தெரியும் உருவம்போல் நெளிந்திருந்தன. சூடேறிய மணலின்மேல் காற்று நடுங்குவதால் வரும் குறை அது. நட்சத்திரம் மின்னுவதும் காற்றின் நடுக்கத்தால்தான். வானம் தெளிந்து காற்றும் அமைதியாயிருக்கும் இரவுகளைத் தேடித்தான் வானசாஸ்திரிகள் மலையேறினார்கள். பறவையைப் படமெடுப்போர் மலையேற வேண்டியதில்லை. விடியற்காலையில் எழுந்தால் போதும்.

இன்னும் ஒன்று. நண்பர் தயங்கித் தயங்கி அடுத்த படத்தைக் காட்டினார். அதில் அதே கூட்டம் முழுவதும் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தது. "எப்படிக் கிளம்பின?" என்று கேட்டோம். "நான்தான் கையைத் தட்டினேன்" என்றார், தரையைப் பார்த்தபடி.

2022-ல் மூக்கன் இனத்தைச் சேர்ந்த இளம் பறவையொன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாட்களில் சுமார் 13,500 கிலோமீட்டர் பறந்து சென்றது. அதன் உடலில் பொருத்திய சிறு கருவி சொன்ன கணக்கு இது. இத்தகைய பிரயாணத்துக்கு அந்தப் பறவைகளிடம் உள்ள மூலதனம், உடலில் சேர்த்த கொழுப்பு ஒன்றே. உண்பது அதைச் சேர்க்கும். ஓய்வு அதைக் காக்கும். நாம் ஒரு முறை கைதட்டி விரட்டினால், அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு பறவையும் தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. ஒரு முறையோடு நின்றால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நமக்குப் பின் அடுத்த காமிராக்காரர் வருவார். அவருக்குப் பின் நாய் வரும். பிறகு பருந்து வரும்.

ஆகவே பறவைகள் தலையை நிமிர்த்தினாலோ, ஒற்றைக்கால் ஊன்றியவை இரு காலும் ஊன்றினாலோ, அதற்கு மேல் ஓரடியும் வைக்கலாகாது. மெதுவாகக் குனிந்து பின்வாங்கவேண்டும். முடிந்தால் தரையோடு படுத்து, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு காத்திருக்கவேண்டும். பொறுமையாயிருந்தால் அவை மீண்டும் அலகைப் புதைத்துக்கொள்ளும். உறங்கும் பறவைகளின் படத்தில் முதல் திருத்தம் இதுவே. கம்ப்யூட்டரில் செய்வதெல்லாம் பிறகு வருவது.

சீர்படுத்திய படம் இப்போது நண்பர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வானம் பொன்னிறமாக இல்லை. கூட்டத்தின் நடுவே இடைவெளி இருக்கிறது. ஓரத்தில் பிளாஸ்டிக் பாட்டிலும் கிடக்கிறது. வருவோரை எல்லாம் பேத்தி கையைப் பிடித்து அழைத்துச் சென்று, கொடி கட்டிய பவளக்காலியைக் காட்டுகிறாள். அந்தப் பறவை எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். எழுத்து திரும்பி நிற்கிறது. அதனால் தெரியவில்லை என்கிறாள். வருகிற குளிர்காலத்தில் தாத்தாவோடு தானும் கோடியக்கரைக்குப் போய், அதன் அந்தப் பக்கத்தையும் பார்த்துவருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.